வடித்த நீர்

ஜூன் 10, திங்கள்

இன்று கோயம்புத்தூர் மருத்துவமனையில் எங்களுக்கு உணவுப் பாடம் நடத்தப்பட்டது. நடத்தியவர் ரெஹானா என்னும் உணவியல் ஆலோசகர். என்னுடைய முதுகலை மாணவிகளைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த ஓர் இட்லியும் ஒரு வாழைப்பழமும் வைத்திருந்தார்.

என் மனைவி கோகிலவாணிக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அதன் பின்னால் இரத்த அழுத்தம். இப்போது சிறுநீரகமும் தளரத் தொடங்கியிருக்கிறது, உணவில் கவனமாக இல்லாவிட்டால் இரண்டு ஆண்டுகளில் டயாலிசிஸ் என்று மருத்துவர் சொல்லி, அந்தச் சொல் காதில் அடங்குவதற்குள் எங்களை அந்தப் பிளாஸ்டிக் இட்லியின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

"காயெல்லாம் சின்னதா நறுக்கி, நெறைய தண்ணியில வேகவச்சு, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிருங்க சார். அப்புறம் தாளிச்சுக்கலாம். அதே மாதிரி இளநீ, ஜூஸ், அப்புறம் உப்புல வந்து..."

குறுக்கிட்டேன். வெந்த நீரைக் கொட்டிவிட்டால் காயில் எஞ்சுவது நார் மட்டும்தானே என்று கேட்டேன். சத்து முழுவதையும் சாக்கடையில் ஊற்றச் சொல்லும் மருத்துவத்தை எந்தப் பல்கலைக்கழகம் கற்பிக்கிறது என்றும் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, நான் ஒருபோதும் உயர்த்துவதில்லை.

"அதுக்கில்ல சார், மேடத்துக்கு கிட்னி..."

"நான் முப்பது ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கிறேன், அம்மா."

அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார். நான் எழுந்துவிட்டேன்.

பொள்ளாச்சிப் பேருந்தில் கிணத்துக்கடவு தாண்டும்போது கோகிலா, "பாவங்க அந்தப் புள்ள. பேச உட்டிருக்கலாம்" என்றாள்.

"பேசினாரே."

"எங்க பேசுச்சு? அது வாயத் தொறந்துச்சு, நீங்க மூடிட்டீங்க."


ஜூன் 12, புதன்

சமையலறையை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். கோகிலா கதவுநிலையில் சாய்ந்து நின்று சிரித்தாள். "ஏங்க, கடுகு எது, சீரகம் எதுன்னு தெரியுமா?"

தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்றுதான்: இத்தனை ஆண்டுகள் ஒரு வீட்டின் நஞ்சு எந்த வழியாக வருகிறது என்று கண்ணால் கண்டுகொண்டே எப்படிச் சும்மா இருந்தேன் என்பது. வழிக்குப் பெயர் உண்டு. நாச்சிமுத்து. அவளுடைய தம்பி. கடைவீதியில் பேக்கரி வைத்திருக்கிறான். மாலைதோறும் ஒரு பொட்டலம். தேங்காய் பன், இல்லையென்றால் வெண்ணெய் பிஸ்கட். அன்பு என்னும் பெயரில் ஓர் உடலுக்குள் இத்தனை மைதாவையும் சீனியையும் செலுத்தியவன்மீது எந்தச் சட்டமும் பாயாது என்பதை நான் அறிவேன்.


ஜூன் 16, ஞாயிறு

அவன் வந்தான். கையில் பொட்டலம்.

"மாமா, சக்கர இல்லாத பன்னுங். கோதும மாவுல போட்டது. அக்காவுக்குன்னே தனியா சுட்டேன்."

"நாச்சிமுத்து, இந்த வீட்டுக்குள் இனிமேல் உன் கடைப் பொருள் எதுவும் வரக்கூடாது."

"பொருள் வேண்டாமுங். நான் வரலாமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவன் எதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்பான். கோகிலா உள்ளிருந்து, "டேய், உள்ள வாடா, இளநீ குடிச்சுட்டுப் போ. உங்க மாமா இப்ப இளநீக் கடை வெச்சிருக்காரு" என்று கூவினாள்.

அது உண்மை. ஆனைமலைத் தோப்பிலிருந்து வாரந்தோறும் ஒரு மூட்டை இளநீர் இறக்கச் சொல்லிவிட்டேன். காலைக் காப்பிக்குப் பதில் ஒன்று, மாலைத் தேநீருக்குப் பதில் ஒன்று. நம் மண் தரும் தூய நீர் இருக்க, நாம் கொதிக்கவைத்த சீனிக் கரைசலைக் குடித்துச் சாகிறோம்.


ஜூன் 23, ஞாயிறு

இரத்த அழுத்த நோயாளிக்கு எதிரி சோடியம். ஆகவே சோடியத்தின் இடத்தில் அதன் உடன்பிறப்பை வைப்பதே அறிவார்ந்த வழி. அத்தகைய உப்பு இப்போது கடைகளிலேயே கிடைக்கிறது. கிடைத்தவற்றுள் சோடியம் மிகக் குறைவானதைத் தேர்ந்து வாங்கினேன்.

"கசக்குதுங்க" என்றாள் கோகிலா.

"நாக்கு பழகிவிடும்."

"நாக்கு பழகிருமுங்க. முப்பது வருசத்துல எதுக்குத்தான் பழகல?"

காய் வெந்த நீரை நான் கொட்டுவதில்லை. அதில் தக்காளி கரைத்து, மிளகு தட்டிப்போட்டு ரசம் வைக்கிறேன். முருங்கைக்கீரை வெந்த நீர் தனியே சூப்பாகிறது. வாழைத்தண்டைச் சாறாக அரைத்துக் காலையில் வெறும் வயிற்றில் தருகிறேன். இந்த அடுக்களையில் எதுவும் வீணாவதில்லை. அந்த ஆலோசகரை அழைத்து வந்து காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.


ஜூலை 5, வெள்ளி

இங்குள்ள பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் கொடுத்தோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, பல ஆண்டுகளில் முதல்முறையாக, எல்லைக்குள் வந்திருக்கிறது. எடையும் குறைந்திருக்கிறது. அவர்கள் சிறுநீரகத்துக்கும் உப்புகளுக்கும் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். மருத்துவர் மீண்டும் வரச் சொன்ன மூன்று மாதம் முடியும்போது கோவையிலேயே எல்லாவற்றையும் ஒருங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

முடிவுத்தாளைக் கோகிலாவிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லதுங்க" என்றாள். உடனே போய்ப் படுத்துக்கொண்டாள். காலை பதினொரு மணிக்கு!

மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு புகார் மடல் மனத்துக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. முதல் வாக்கியம் அமைந்துவிட்டது.


ஜூலை 14, ஞாயிறு

இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் வீட்டில் அவள் என்ன உண்கிறாள் என்னும் எண்ணம் குறுக்கே வருகிறது. மதிய இடைவேளையில் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்.

உணவு பாதி, உழைப்பு பாதி. மாலையில் மகாலிங்கபுரம் வீதிகளைச் சுற்றி அவள் விரைவாக நடந்துவர வேண்டும் என்று ஏற்பாடு. முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் போய் வந்தாள். இப்போது திரும்ப நெடுநேரம் ஆகிறது. வியர்வை இல்லாமல் திரும்புகிறாள்.

நடக்கிறவளுக்கு வியர்க்கும்.


ஜூலை 22, திங்கள்

இன்று பின்தொடர்ந்தேன். இந்த வயதில் மனைவியைப் பின்தொடர்வது இழிவு. ஆயினும் அந்த இழிவுக்கு என்னைத் தள்ளியவர்கள் இருவர்.

இரண்டாம் வீதி முனைவரை நடந்தாள். மெதுவாக, மதில்களின் ஓரமாக. பிறகு ஓர் ஆட்டோவை நிறுத்தி ஏறினாள். ஆட்டோ கடைவீதிக்குள் போய் நாச்சிமுத்துவின் பேக்கரி முன் நின்றது. அவன் ஓடிவந்து கை கொடுத்து இறக்கினான், மந்திரியை இறக்குவதுபோல. கடைக்குள் நாற்காலி போட்டான். எதிரே இன்னொரு நாற்காலி. அதன்மேல் கால்களை நீட்டிக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் மேசைமேல் ஒரு தட்டு. தட்டில் தேங்காய் பன்.

எதிர்ப்புறம் மருந்துக்கடை நிழலில் நின்று அதைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். பிறகு அது தொடர்பற்ற சிந்தனை என்று விலக்கினேன்.

நான் முன்னதாகவே வீடு திரும்பி, அவள் வந்ததும் கேட்டேன்: "தேங்காய் பன் எப்படி இருந்தது?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

நாளை முதல் நடைக்கு நானும் உடன் போவேன். தூரம் இரட்டிப்பு.


ஜூலை 24, புதன்

கொடுத்ததைக் குடித்தாள், கூப்பிட்டதும் நடந்தாள்.


ஜூலை 28, ஞாயிறு

குக்கரைத் தூக்கப் போய்க் கீழே போட்டுவிட்டாள். பருப்பு அடுக்களை முழுதும் சிதறியது. துடைக்க உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

"காலு பஞ்சாட்டம் இருக்குதுங்க. கையும் அப்படித்தான். நெஞ்சு அப்பப்ப ஒரு துடிப்பு தாண்டித் தாண்டிப் போகுது."

"உழைக்காத தசை அப்படித்தான் இருக்கும். இத்தனை ஆண்டு சும்மா இருந்துவிட்டு இப்போது தொடங்கினால் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்."

"சும்மா இருந்தனா?" துடைத்த துணியை ஓரமாக வைத்தாள். "அந்தப் புள்ளகிட்ட ஒருக்காக் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"எந்தப் பிள்ளை?"

"இட்லி வெச்சிருந்துச்சே."

கோபம் வரும்போது எனக்கு உடல் குளிர்ந்துபோகும். விரல் நுனிகள் முதலில். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமரும் பயிற்சியைக் காலையும் மாலையும் செய்ய வேண்டும் என்று சொன்னேன். முன்னால் நின்று செய்து காட்டினேன். அவள் முயன்றாள். மூன்றாவது முறை எழ முடியாமல் அப்படியே அமர்ந்து, "உங்களுக்கு நல்லா வருதுங்க" என்றாள்.


ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

காலையிலேயே வந்துவிட்டான். கூடவே அவன் மனைவி, தூக்குப்போசிகளில் கட்டுச்சோறு. ஆழியாற்றுக்குப் போகலாம், ஆடிப் பெருக்குக்கு அக்கா ஆற்றில் கால் நனைக்காத வருசமே இல்லை என்றான். நான் மறுக்கவில்லை. படிகள் ஏறி இறங்குவது நல்ல பயிற்சி. கட்டுச்சோற்றை அவள் தொடக்கூடாது, நான் கொண்டுவரும் கம்பஞ்சோறும் இளநீரும்தான் என்று நிபந்தனை விதித்தேன்.

"சரிங் மாமா. அந்த எலுமிச்சஞ் சோத்த மோந்து மட்டும் பாத்துக்கட்டுங்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

படித்துறையில் நல்ல கூட்டம். பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கோகிலா கடைசிப் படிக்கு இறங்கி, நீரில் கால் வைத்து, புது மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் சுற்றினாள். சுற்றியவள் அப்படியே நின்றாள். இரண்டு நுனிகளும் விரல்களில் இருந்தன. விரல்கள் அசைந்தன, முடிச்சு விழவில்லை.

"முடிச்சுப் போட முடியலீங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அந்த 'ங்க' எனக்கானதுதான்.

நாச்சிமுத்துவின் மனைவி ஓடிப்போய் முடிந்துவிட்டாள். பிறகு திரும்பி ஏற வேண்டும். கோகிலா வலது காலைத் தூக்கினாள். அது படியின் விளிம்பில் இடித்துத் திரும்ப நீரில் விழுந்தது. மீண்டும் தூக்கினாள். பக்கத்துப் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் ஈரப்படியில் உட்கார்ந்து, மேலே நின்றிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தாள். உதடுகள் சாம்பல் நிறத்தில் இருந்தன.

"எழுந்திரு, கோகிலா. முயற்சி செய்" என்றேன். இதை எழுத வேண்டும். நான் சொன்னது இதுதான்.

நாச்சிமுத்து என்னைத் தள்ளிவிட்டு இறங்கினான். உடன் இறங்கிய நான் வழுக்கி ஒரு முழங்காலில் விழுந்தேன். அவன் அக்காவை இரு கைகளிலும் வாரி எடுத்தான். படியேறும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். இத்தனை ஆண்டில் சிரிக்காமல் அவன் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்.

"மாமா, வழிய உடுங்க."


ஆகஸ்ட் 4, ஞாயிறு

அதே கோவை மருத்துவமனை. அவசரப் பிரிவு. நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்த இளம் மருத்துவர், தாள் வெளிவந்துகொண்டிருக்கும்போதே செவிலியரை ஓடச் சொன்னார்.

"பொட்டாசியம் ஏழத் தாண்டிருச்சு சார். கிட்னி வீக்கா இருக்கறவங்களுக்கு அது வெளிய போகாது. போடற பிரஷர் மாத்திரையும் அதத் தேக்கும். சாப்பாட்டுல வரவிடக் கூடாது. வீட்ல என்ன குடுத்தீங்க?"

நான் நிமிர்ந்து நின்றேன். இந்தக் கேள்விக்காகத்தான் எட்டு வாரமாகக் காத்திருந்தேன். நாச்சிமுத்து பக்கத்தில் இருந்தான். பன் பற்றி அவனே சொல்லட்டும் என்று முதலில் என் பகுதியைச் சொன்னேன், ஒழுங்குமுறையாக. காலையில் வாழைத்தண்டுச் சாறு. பின்னர் இளநீர். காய் வெந்த நீரில் தக்காளி ரசம். முருங்கைக்கீரை சூப். மாலையில் மீண்டும் இளநீர்.

மருத்துவர் எழுதிக்கொண்டே வந்தார். சூப்புக்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உப்பு?"

"சாதாரண உப்பு இல்லை. சோடியம் குறைந்த உப்பு. அதாவது சோடியம் குளோரைடுக்கு மாற்றாக..."

அடுத்த சொல் வாயில் நின்றது. வகுப்பறையில் எத்தனை ஆயிரம் முறை சொன்ன சொல். தனிம அட்டவணையில் பத்தொன்பதாம் இடம். என் கையெழுத்தில் கரும்பலகையில் இருந்த சொல்.

"பொட்டாசியம் குளோரைடு" என்று முடித்தேன். வாக்கியத்தைப் பாதியில் விடுவது என் வழக்கமன்று.

"இன்னும் ஒரு நாள் தள்ளிருந்தா ஹார்ட் நின்னிருக்கும் சார்" என்றார் மருத்துவர். குற்றம் சாட்டும் குரலில் இல்லை. பேருந்து எப்போது வரும் என்று சொல்லும் குரலில்.

அவளுடைய நரம்பில் இன்சுலினும் அதோடு குளுக்கோஸும் ஏற்றினார்கள். அந்தக் கலவைதான் பொட்டாசியத்தைக் குருதியிலிருந்து திசுக்களுக்குள் தள்ளுமாம். சர்க்கரை. புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக. நான் நின்று பார்த்தேன்.


ஆகஸ்ட் 5, திங்கள்

டயாலிசிஸ் ஒருமுறை செய்தார்கள். நிரந்தரமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.


ஆகஸ்ட் 7, புதன்

மருத்துவமனை உணவகத்தில் நாச்சிமுத்து எனக்கு இட்லி வாங்கி வந்து வைத்தான். ஆறிக்கொண்டிருந்தது.

"சாப்புடுங் மாமா. அக்கா கேட்டுட்டே இருக்குது, நீங்க சாப்பிட்டீங்களான்னு."

"பன் பற்றி மருத்துவரிடம் நீ சொல்லவில்லையே."

"எந்தப் பன்னுங்?"

"கடையில். தட்டில் இருந்தது. நான் பார்த்தேன்."

அவன் என்னைப் பார்த்த விதத்தில் முதலில் குழப்பம் இருந்தது. பிறகு அது இல்லை.

"அது என்ற தட்டுங் மாமா. நாலு மணிக்கு எனக்குப் பசிக்குமுங். அக்கா சுடுதண்ணிதான் குடிக்கும். 'உங்க மாமா கஷ்டப்பட்டுச் சமைக்கறாருடா, நான் இங்க தின்னா அவருக்குத் துரோகம்'னு சொல்லும். கால் வலிக்குதுன்னு வந்து உக்காரும். அவ்வளவுதானுங். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கிருச்சு, வருத்தப்படுவீங்கன்னு."

அவன் என்மேல் எதையாவது எறிந்திருக்கலாம். அவன் அடித்திருந்தாலும் ஏற்றிருப்பேன். இட்லியை எடுத்து என் பக்கம் நகர்த்தினான். சகிக்க முடியாத மனிதன்.


ஆகஸ்ட் 10, சனி

நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிறுநீரகம் கொஞ்சம் மீண்டிருக்கிறது. முன்பு இருந்த அளவுக்கு இல்லை. இனி அந்த அளவுக்கு வராது. வாரந்தோறும் இரத்தம் பார்க்க வேண்டும். மெதுவான நடை போதும், மூச்சு வாங்கினால் உட்கார வேண்டும், கால் பலவீனம் என்றால் நடக்கவே கூடாது, உடனே வரவேண்டும்.

உணவியல் ஆலோசகர் படுக்கையருகே வந்தார். ரெஹானா. பிளாஸ்டிக் இட்லி இல்லை. என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். நான் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டுவிட்டு நின்றுகொண்டேன்.

அவர் தொடக்கத்திலிருந்து சொன்னார். காயைச் சின்னதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டுவது. இளநீர் கூடாது. பழச்சாறு கூடாது. கீரை சூப் கூடாது. மாற்று உப்பு வாங்கவே கூடாது. சாதாரண உப்பையே குறைத்துப் போட வேண்டும். சொல்லுக்குச் சொல் கேட்டேன். எதுவும் எழுதவில்லை, எழுதத் தேவைப்படவில்லை.

ஒன்றுக்காக மட்டும் காத்திருந்தேன்: 'அன்னிக்கே இதைத்தானே சார் சொல்ல வந்தேன்' என்னும் வாக்கியத்துக்காக. அதைச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. சொன்னால் தாங்கிக்கொள்ள ஆயத்தமாக இருந்தேன். அவர் சொல்லவில்லை. கோகிலாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "வேற டவுட் இருக்கா சார்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். இந்தப் பெண்ணின் பண்பு எனக்கு அடங்காத சினத்தை மூட்டுகிறது.

நாச்சிமுத்து அக்காவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னான். கோகிலா கூரையைப் பார்த்தபடி யோசித்தாள். நான் சாளரத்துக்கு வெளியே பார்த்தேன். கீழே ஒருவன் இளநீர் வண்டி வைத்திருந்தான்.

"என் வீடு இருக்கறப்ப நான் எதுக்குடா உன் வீட்டுக்கு வரோணும்?" என்றாள் கடைசியில். "ஆனா அடுப்பு என்ற பொறுப்பு. என்னால நிக்க முடியற வரைக்கும் அவரு செய்யட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."


ஆகஸ்ட் 12, திங்கள்

கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மாற்று உப்பு டப்பாவை முதலில் வெளியேற்றினேன். இளநீர் மூட்டையை அப்படியே தோப்புக்குத் திருப்பி அனுப்பினேன்.

அடுக்களை வாசலில் நாற்காலி போட்டுக் கோகிலா அமர்ந்தாள். மடியில் கைகள். புது மஞ்சள் கயிற்றின் சாயம் கழுத்தில் ஒட்டியிருந்தது. நான் பீன்ஸை நறுக்கினேன்.

"இன்னும் சின்னதா."

நறுக்கினேன்.

"தண்ணி பத்தாது."

ஊற்றினேன். வெந்தது. துணியால் பானையைப் பிடித்து, தொட்டியில் சல்லடையை வைத்து வடித்தேன். ஆவி என் மூக்குக்கண்ணாடியில் படிந்து எதுவும் தெரியாமல் போயிற்று.

"கொட்டிட்டீங்களா?"

"கொட்டிவிட்டேன்."

"இருங்க, பாக்கறேன்."

சுவரைப் பிடித்து எழுந்தாள். நான் கை நீட்டினேன். அவள் சுவரையே பிடித்துக்கொண்டு, ஓரடி ஓரடியாக வந்து, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இளம்பச்சை நீர் சுழன்று ஓட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அது முழுவதும் இறங்கும்வரை நின்றாள். பிறகு அடுப்படியைப் பார்த்தாள், மேடைமேல் ஏதேனும் கிண்ணத்தில் பிடித்து வைத்திருக்கிறேனா என்று. எதுவும் இல்லை.

"ரெண்டாந் தடவையும் வேற தண்ணி ஊத்தி வடிக்கோணும்னு அந்தப் புள்ள சொல்லுச்சு" என்றாள்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. வாயைத் திறந்தேன்.

கோகிலா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு, பானையில் வேறு தண்ணீர் பிடித்தேன்.